சர்வகலாசாலையில் முதல் வருஷம்

கோடை விடுமுறை கழிந்து கலாசாலைகள் திறக்கும்போது, வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான வாலிபர்களும் பெண்களும் பட்ட வகுப்புகளில் வந்து சேர்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலை வாயிலை மிதிப்பவர்கள். நகையை அடகு வைத்துச் சம்பளம் கட்டிய பெற்றோரும் உண்டு. சில வருஷங்களில் இவர்கள் கையில் ஒரு பட்டம் இருக்கும். அதனோடு வேறென்ன இருக்கும் என்பதே இன்று கேட்கவேண்டிய கேள்வி.

சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் வருஷம் லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு ஸ்தாபிக்கப்பட்டது. அக்காலத்தில் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் வேலை. போதனையும் ஆராய்ச்சியும் பல்லாண்டுகளுக்குப் பின்னரே அதன் கடமைகளில் சேர்ந்தன. பிறவிக் குணம் எளிதில் போகிறதில்லை. "இது பரீட்சைக்கு வருமா?" என்று மாணவன் கேட்கிறான். "வராது" என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் அந்த விஷயம் அத்துடன் செத்தது.

பௌதிக சோதனைச்சாலைக்குள் நுழைந்து பாருங்கள். ஊசலை ஆட்டி, பூமியின் ஈர்ப்பினால் ஏற்படும் வேகவளர்ச்சியைக் கணக்கிடும் சோதனை நடக்கிறது. விடை 980-க்கு அருகில் வரவேண்டுமென்பது மாணவனுக்கு முன்கூட்டியே தெரியும். தன் கணக்கில் 940 வந்துவிட்டால் அவன் என்ன செய்கிறான்? விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அளவுகளை மாற்றி எழுதுகிறான். அல்லது சென்ற வருஷத்து மாணவனுடைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே பெயர்த்து எழுதுகிறான். ஆசிரியரும் கையெழுத்திடுகிறார். இதைப் பிள்ளை விளையாட்டு என்று எல்லோரும் சிரித்துத் தள்ளிவிடுகிறார்கள். நமது அபிப்பிராயத்தில், தேசத்தின் விஞ்ஞானத்திற்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. ஐம்பது ஆட்டங்களில் ஒன்றை எண்ணாமல் விட்டாலே 980 என்பது ஏறக்குறைய 940 ஆக இறங்கிவிடும். நூலின் நீளத்தைக் குண்டின் நடு வரையில் அளக்காமல் மேல் விளிம்போடு நிறுத்தினாலும் விடை குறையும். எங்கே பிசகிற்று என்று தேடுகிற மாணவன் அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வது, நோட்டைப் பெயர்த்து எழுதுகிறவனுக்கு ஒருநாளும் வாய்க்காது.

ராஜதானிக் கலாசாலை என்று நம் முன்னோர் அழைத்த சென்னை மாநிலக் கல்லூரியில் சி. வி. ராமன் படித்துக்கொண்டிருந்தபோது, முப்பட்டகக் கண்ணாடி ஒன்றின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாகப் பட்டுப் பிரதிபலிக்கையில் சில வரிகள் தோன்றுவதைக் கண்டார். அவை இரு பக்கமும் ஒரே விதமாக அமையவில்லை. பாடப்புத்தகம் சொல்லாத சங்கதி அது. ரெக்கார்டு நோட்டின் அழகைக் கெடுக்கிறதே என்று அவர் அதைத் தள்ளிவிடவில்லை. அளந்தார், காரணத்தை ஆராய்ந்தார், எழுதி லண்டனுக்கு அனுப்பினார். 1906-ஆம் வருஷம் 'பிலஸாபிகல் மாகஸின்' என்னும் பத்திரிகை அதைப் பிரசுரித்தது. அப்போது அவருக்கு வயது 18. கலாசாலையிலிருந்த சாதாரணக் கருவிகளே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. மறுவருஷம் கல்கத்தாவில் சர்க்கார் கணக்கு இலாகா உத்தியோகத்தில் அமர்ந்த பிறகும், ஆபீஸுக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சியை விடாமல் நடத்தினார். பிழைப்புக்காகவே ஆராய்ச்சியைக் கைவிட்டோம் என்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அதே கலாசாலையில் இன்னொரு மாணவர் எஸ். சந்திரசேகர். ஜெர்மன் பேராசிரியர் ஸோமர்பெல்டின் அணு நூலைத் தாமாகவே படித்திருந்தார். 1928-இல் அப்பேராசிரியர் சென்னைக்கு வந்தபோது, அவர் தங்கிய ஹோட்டலுக்கே போய்ச் சந்தித்தார். "நீர் படித்ததெல்லாம் பழைய சாஸ்திரம், எல்லாம் மாறிவிட்டது" என்ற கருத்தையே அங்கே கேட்டார். வேறொருவராயின் மனமுடைந்து திரும்பியிருப்பார். இவரோ பேராசிரியர் கொடுத்த, இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப் பிரதியைப் பெற்றுவந்து படித்து, சில மாதங்களில் தாமே ஒரு கட்டுரை எழுதினார். லண்டன் ராயல் சொஸைட்டி அதை 1929-இல் வெளியிட்டது.

அன்று இத்தகைய அச்சுப் பிரதி ஒரு மாணவன் கைக்குக் கிட்டுவது அதிர்ஷ்டம். இன்று நிலைமை வேறு. 'ஒரே தேசம், ஒரே சந்தா' என்னும் திட்டத்தின்படி, மூன்று வருஷங்களுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பிரசுராலயங்களின் சுமார் 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகளை அரசாங்கக் கலாசாலை மாணவர்கள் படிப்பதற்கு 2025 ஜனவரி முதல் இந்திய சர்க்கார் வழிசெய்திருக்கிறது. பணம் ஜனங்களுடையது. கதவு திறந்திருக்கிறது என்பதையாவது நமது மாணவர்கள் அறிவார்களா?

ஆங்கிலம் தடையாயிருக்கிறது என்று சொல்வார்கள். தடைதான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரையை நாவலைப்போல முதல் வரியிலிருந்து படிக்கவேண்டியதில்லை. முதலில் படங்களையும் அட்டவணைகளையும் பார்த்து, பிறகு முடிவுரையைப் படித்து, அதன்பின் உள்ளே புகுந்தால் வாரம் ஒரு கட்டுரை முதல் வருஷத்து மாணவனுக்கும் சாத்தியமே. படித்ததைப் பக்கத்திலிருக்கும் தோழனுக்குத் தமிழில் சொல்லட்டும். தாய்பாஷையில் சொல்ல வராத விஷயம் இன்னும் விளங்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ராமானுஜன் பரீட்சையில் தவறினார் என்பதை உற்சாகத்துடன் எடுத்துக்காட்டும் மாணவர்கள் உண்டு. அவர் ஹார்டிக்கு 1913 ஜனவரியில் எழுதிய கடிதத்தை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். தாம் யார், என்ன சம்பளம் வாங்குகிறார், எதைக் கண்டுபிடித்திருக்கிறார் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லி, தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்து அனுப்பினார். அதே வருஷம் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தபோது, மூன்று மாதத்துக்கொருமுறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை எழுதிக் கொடுத்தார். அறிமுகமில்லாத அறிஞருக்கு ஒரு நல்ல கடிதம், செய்த வேலைக்கு ஒரு தெளிவான அறிக்கை: ஆராய்ச்சிசாலைக்குப் போகிறவனுக்கும், தொழிற்சாலைக்கோ பாங்கிக்கோ போகிறவனுக்கும் இவ்விரண்டும் வேண்டும். கேட்டவுடன் கட்டுரை எழுதித்தரும் யந்திரம் இப்போது ஒவ்வொருவர் கைப்பேசியிலும் வந்துவிட்டது. எழுதத் தெரிந்தவனுக்கு அது நல்ல குமாஸ்தாவாக இருக்கலாம். முதல் வருஷத்திலேயே பேனாவை அதனிடம் ஒப்படைத்துவிட்டவன், அது எழுதியது சரியா தவறா என்று எப்படிக் கண்டுகொள்வான்?

மாணாக்கரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. மாணவர் சங்கங்களை நடத்தும் பொதுஜன ஊழியர்கள் தங்கள் ஊர்க் கலாசாலைத் தலைவரிடம் சென்று, மேற்சொன்ன திட்டத்தில் கலாசாலை பதிவாகியிருக்கிறதா, முதல் வருஷத்து மாணவனுக்கும் அதைப் பார்க்க வழியுண்டா என்று விசாரிக்கட்டும். வகுப்புகள் முடியும் வேளையிலேயே நூல்நிலையத்தையும் பூட்டிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பகல் முழுதும் வகுப்பில் இருப்பவன் எப்போது போய்ப் படிப்பான்? மாலை எட்டு மணி வரையில் அதைத் திறந்து வைக்கும்படியும், 940 வந்த மாணவன் மறுபடி ஊசலை ஆட்டிப் பார்க்கச் சனிக்கிழமைகளில் சோதனைச்சாலைச் சாவியைக் கொடுக்கும்படியும் அவர்கள் வற்புறுத்தவேண்டும்.