கட்டிலில் காத்திருக்கும் கட்டி

ஆபரேஷனில் தப்பியவரையும் காலில் உறையும் ரத்தம் கொன்றுவிடக்கூடும். தடுக்க வழியிருந்தும் கவனிப்பவர்கள் குறைவு.

1940. லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்துகொண்டிருந்தன. பாதுகாப்பு அறைகளில் தஞ்சம் புகுந்த சிலர், குண்டு படாமலேயே திடீரென இறந்தார்கள். காரணத்தைச் சொன்னவர் பிரேதப் பரிசோதனை நிபுணர் கீத் சிம்ஸன். இரவு முழுக்க சாய்வு நாற்காலியில் அசையாமல் கிடந்ததில் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைத்திருந்தது.

போர் முடிந்தது. ஆபத்து இடம் மாறி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் குடியேறிவிட்டது.

கால்வரை வந்த ரத்தத்தை மேலே அனுப்புவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரும் பங்கு உண்டு. நடக்கும்போது அது சுருங்கி, ஆழத்தில் உள்ள சிரைகளை பம்ப் போல அழுத்துகிறது. அசைவு நின்றால் ரத்தம் தேங்குகிறது. தேக்கம், ரத்தக் குழாய்ச் சுவரில் காயம், எளிதில் உறையும் ரத்தம் ஆகிய மூன்றுமே உறைகட்டிக்கு அடிப்படை. இடுப்பு, முழங்கால் ஆபரேஷன்களில் மூன்றும் ஒன்றுசேர்கின்றன. புற்றுநோயாளிகள், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாத பெண்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்பவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து கூடுதல்.

இது மேல்நாட்டு வியாதி என்ற எண்ணம் இந்தியாவில் நெடுநாள் இருந்தது. 32 நாடுகளில் நடந்த 'என்டார்ஸ்' ஆய்வு (2008) அதைக் கலைத்தது. இந்திய ஆஸ்பத்திரிகளில் பார்க்கப்பட்ட நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஆபத்து வளையத்தில் இருந்தார்கள். அவர்களில் உரிய தடுப்பு சிகிச்சை பெற்றவர்கள் 100க்கு 17 பேர்தான். உலக சராசரியோ 50.

தடுப்பு பிரம்மவித்தை அல்ல. ஹெப்பாரின் ஊசி, காலை அழுத்திவிடும் காற்று உறை, டாக்டர் அனுமதித்ததும் எழுந்து நடப்பது. இங்கேதான் உறவினர்களின் பாசம் குறுக்கே வருகிறது. "அசையாம படுங்க" என்ற அன்புக் கட்டளை நோயாளிக்கு நன்மை செய்வதில்லை. பஸ்ஸிலும் விமானத்திலும் கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, இடையிடையே எழுந்து நடப்பது நல்லது.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டையில் வலியும் சூடும் இருந்தால் தைலம் தேய்த்து உருவக் கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். டாப்ளர் ஸ்கேன் உண்மையைச் சொல்லிவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் குறைந்தது மூன்று மாதமாவது சாப்பிட வேண்டியிருக்கும். வீக்கம் வடிந்ததென்று தானாக நிறுத்துவது விபரீதம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் செலவு எவ்வளவு, வீட்டுக்கு எப்போது போகலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். "காலில் ரத்தம் உறையாமலிருக்க என்ன செய்யப்போகிறீர்கள், டாக்டர்?" என்றும் கேட்டுவிடுவது உயிரைக் காக்கும்.