தண்ணீருக்கும் கீழே போய்விடும் பெர்க்

கம்பளிக் கோட்டையும் பட்டுத் துணியையும் டிரை கிளீனிங் கடையில் தண்ணீரில் முக்குவதில்லை. பெர்குளோரோஎத்திலீன் என்ற திரவத்தில் போட்டுச் சுழற்றுகிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் இதைச் சுருக்கமாக ‘பெர்க்’ என்பார்கள். எண்ணெய்க் கறையை இழுத்துவிடும், துணி சுருங்காது, தீயும் பிடிக்காது. அதனால்தான் அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு இருந்த சலவைக் கடைகள் பல பத்தாண்டுகளாக இதையே நம்பியிருந்தன.

அங்கே குடிநீரில் பெர்க்குக்கு விதித்திருக்கும் உச்ச வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்த வரம்பை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி பெர்க், சுமார் 16 லட்சம் லிட்டர் தண்ணீரை வரம்பைத் தொடவைத்துவிடும். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் 135 லாரித் தண்ணீர் அது.

வட கரோலினா மாநிலத்தின் ஜாக்சன்வில்லில் நடந்ததைப் பாருங்கள். 1950களில் அங்கே ஒரு சலவைக் கடை தொடங்கியது. பயன்படுத்திய பெர்க்கைக் காய்ச்சி வடித்து மறுபடி எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படி வடித்த பிறகு அடியில் தங்கும் கசண்டை வளாகத்தின் பாதையில் இருந்த பள்ளங்களில் போட்டு நிரப்பினார்கள். கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போனது. பக்கத்திலேயே கேம்ப் லெஜூன் கடற்படைக் காலாட்படைத் தளம். அதன் தாராவா டெரஸ் குடியிருப்புக்குத் தண்ணீர் தந்த ஆழ்குழாய்க் கிணறுகளும் அருகில்தான் இருந்தன. 1985இல் அந்தக் குடியிருப்பின் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 215 மைக்ரோகிராம் வரை பெர்க் இருந்தது. மிக மோசமான கிணறுகளை அந்த ஆண்டுதான் மூடினார்கள். சிப்பாய்களின் குடும்பங்கள், கைக்குழந்தைகள் உட்பட, அதுவரை அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

இதைச் சுத்தப்படுத்துவது ஏன் இவ்வளவு கடினம்? பெட்ரோல் சிந்தினால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். பெர்க் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு கனமானது. நீர்மட்டத்தைத் தொட்டாலும் நிற்காமல் மணலின் இடுக்குகள் வழியே இறங்கிக்கொண்டே போகும். களிமண் அடுக்கு தடுத்தால் அதன் மேல் தேங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணுக்குள்ளும் ஊறிவிடும். தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, மேலே ஓடும் நீரில் ஆண்டுக்கணக்காகக் கரைந்துகொண்டிருக்கும்.

ஆகவே முதல் வேலை அது எங்கே தேங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. குழாயை இறக்கி மண்ணை நீள உருளையாக வெளியே எடுப்பார்கள். சந்தேகப்படும் இடத்தில் ஒரு சிட்டிகை மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, தண்ணீரும் எண்ணெயில் மட்டும் கரையும் சாயப்பொடியும் சேர்த்துக் குலுக்குவார்கள். பெர்க் திரவமாகவே இருந்தால் குப்பிக்குள் சிவப்புத் துளிகள் தெரியும். சில அடி தள்ளி எடுத்த மண்ணில் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். என்னைக் கேட்டால், செலவில் கஞ்சத்தனம் காட்டக் கூடாத கட்டம் இதுதான். இடம் பிசகினால் அடுத்துச் செய்வதெல்லாம் வீண்.

தண்ணீரை இறைத்து, கரி வடிகட்டியில் விட்டுச் சுத்தம் செய்தால் தீர்ந்துவிடாதா என்று தோன்றும். 1980களில் பெரும்பாலும் அப்படித்தான் செய்தார்கள். மாசு மேற்கொண்டு பரவாமல் பிடித்துவைக்க அது நல்ல வழி. ஆனால் அளவு குறைந்ததே என்று பம்பை நிறுத்தினால், களிமண்ணில் ஊறிக்கிடந்தது மறுபடி கசிந்து பழைய அளவை நோக்கி ஏறிவிடும்.

அதனால் தேங்கிய இடத்தையே தாக்க வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள ஈரமற்ற மண் என்றால் காற்றுறிஞ்சியால் ஆவியை இழுத்துவிடலாம். கீழே இருந்தால் பெர்மாங்கனேட் கரைசலைச் செலுத்திச் சிதைப்பார்கள். கரைசல் பட்ட இடம்தான் சுத்தமாகும், களிமண்ணுக்குள் அவ்வளவு எளிதில் புகாது. களிமண்ணுக்குச் சூடு பொருத்தம். மின்முனைகளை நட்டு மண்ணைச் சூடாக்குகிறார்கள். பெர்க் தனியே 121 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். தண்ணீரோடு சேர்ந்திருக்கும்போது ஏறக்குறைய 88 டிகிரியிலேயே இரண்டும் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியை மேலே உறிஞ்சிக்கொள்ளலாம். மின்செலவு கடுமை.

எஞ்சியதைத் தீர்ப்பவை பாக்டீரியாக்கள். நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல பெர்க்கைச் சுவாசித்து வாழும் ஓர் இனம் உண்டு: டீஹாலோகாக்காய்டஸ். நியூயார்க் மாநிலம் இதாக்காவின் கழிவுநீர்ச் சேற்றிலிருந்து கார்னெல் பல்கலைக்கழகத்தார் இதைப் பிரித்தெடுத்து 1997இல் அறிவித்தார்கள். பெர்க்கில் நான்கு குளோரின் அணுக்கள். இந்த இனம் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறது; நான்கும் போனால் மிஞ்சுவது எத்திலீன், வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே வாயு. இதற்கு ஆக்சிஜன் ஆகாது, ஹைட்ரஜன் வேண்டும். அதற்காகக் குழம்பாக்கிய தாவர எண்ணெயையோ வெல்லப்பாகையோ நிலத்துக்குள் செலுத்துகிறார்கள். அது நொதிக்கும்போது ஹைட்ரஜன் கிடைக்கிறது.

இதில் ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது. வேறு பல பாக்டீரியாக்களும் இந்த வேலையைத் தொடங்கும், ஆனால் இரண்டு குளோரினோடு நின்றுவிடும். மூன்றைக் கழற்றிவிட்டு நின்றாலோ இன்னும் மோசம்: அந்த நிலையில் இருப்பது வினைல் குளோரைடு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். பெர்க்கைவிடக் கொடியது. ஆகவே பெர்க் குறைந்தது என்ற ஓர் எண்ணை மட்டும் காட்டும் அறிக்கையை ஏற்கக் கூடாது. வினைல் குளோரைடு எவ்வளவு, எத்திலீன் எவ்வளவு என்று கேட்க வேண்டும். தேவையான இனம் மண்ணில் இல்லையென்றால் வளர்த்த கலவையை வாங்கி வந்து கிணற்றில் விடுகிறார்கள்.

நீர் சுத்தமாகும்வரை அக்கம்பக்கத்து வீடுகளையும் கவனிக்க வேண்டும். பெர்க் ஆவி மண்ணிலிருந்து தரை விரிசல் வழியே உள்ளே வரும். தரைக்கு அடியில் குழாய் பதித்து, சிறு மின்விசிறியால் காற்றை இழுத்துக் கூரைக்கு மேலே விட்டால் பெருமளவு தடுத்துவிடலாம். செலவும் அதிகமில்லை.

பெரும்பாலான கடைகள் குடும்பமாக நடத்தும் சிறு கடைகள். நிலத்தடி நீரைச் சுத்தப்படுத்தும் செலவை அவர்களால் தாங்கவே முடியாது. ப்ளோரிடா மாநிலம் 1994இலேயே இதற்கென ஒரு திட்டம் கொண்டுவந்தது. சலவைத் தொழிலிலிருந்தும் பெர்க் விற்பனையிலிருந்தும் வரி வாங்கி, அந்த நிதியில் மாநிலமே சுத்தப்படுத்துகிறது. மாசுபட்ட இடங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். குடிநீர்க் கிணறுகளுக்கு ஆபத்து அதிகமுள்ள இடம் முன்னால் வருகிறது. நிலத்தின் விலையையோ உரிமையாளரின் செல்வாக்கையோ பார்க்காமல் கிணற்றைப் பார்த்து முடிவு செய்யும் அந்த வரிசைதான் சரி.