மார்க் ஷீட்டுக்கு அப்புறம் இருபது வருஷம்

புதுச்சேரியில் நாற்பது வயதில் படிக்கக் கிளம்புகிறவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கப்படும் கேள்விதான் மாறிவிட்டது. மதிப்பெண் என்ன, சாதிச் சான்றிதழ் எங்கே, டி.சி. எங்கே என்று கேட்டுப் பழகிய படிவம், இப்போது "உங்களைப் பற்றி எழுதுங்கள்" என்கிறது. பிரான்சின் கல்லூரிச் சேர்க்கைத் தளமான ‘பார்க்கூர்சுப்’ அதற்கு 1,500 எழுத்து இடம் தருகிறது. பிரிட்டனின் ‘யூகாஸ்’ 4,000 எழுத்து தருகிறது. அண்ணனோ அத்தையோ பாரிசில் இருக்கும் குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உள்ள ஊர் இது. அந்தப் படிவங்கள் இங்கே வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. வந்த இடத்தில் பலருக்குக் கை ஓடுவதில்லை. ஆங்கிலமோ பிரெஞ்சோ தடுமாறுவது ஒரு காரணம். தன்னைப் பற்றி எழுத இந்த ஊர் யாருக்கும் கற்றுத் தராதது அதைவிடப் பெரிய காரணம்.

இதைப் புரிந்துகொள்ளப் பழைய விண்ணப்பங்களைப் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிக்குப் படிப்பிடங்கள் சீக்கிரமே வந்தன. இன்று ‘லிசே பிரான்சே’ என்று நாம் அறியும் பள்ளியின் தொடக்கம் 1826. சட்டப் பள்ளி 1838இல் வந்தது. கலவை சுப்புராயச் செட்டியார் பெயர் தாங்கிய கல்வே கல்லூரி 1877இல். ஆனால் உள்ளே போகும் வயது இளசாக இருக்க வேண்டும், வெளியே வரும் வயதும் இளசுதான். கல்வே கல்லூரியில் தமிழ் படித்த கனகசுப்புரத்தினம் 1909இல், 18 வயதிலேயே, காரைக்கால் பகுதியில் ஆசிரியர் வேலைக்குப் போய்விட்டார். பின்னாளில் அவர்தான் பாரதிதாசன். படிப்பு, தேர்வு, உத்தியோகம் என்ற அந்த வரிசையில் ஒரு படி தவறினவருக்கு மறுபடி ஏற வழி ஒன்றுதான்: மனு.

மனுவுக்கு என்று ஓர் இலக்கணம் இருந்தது. பெரும்பாலும் அதை மனுதாரர் எழுதுவதில்லை; எழுதத் தெரிந்த ஒருவர் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருவார். முதலில் துரையின் பெருமை. அப்புறம் மனுதாரரின் இல்லாமை: தகப்பன் இல்லை, கரையேற்ற வேண்டிய தங்கைகள் இருக்கிறார்கள், வேறு போக்கிடம் கிடையாது. கடைசியில் சமுகத்தின் கருணை. அந்த ஆள் இதுவரை என்ன செய்திருக்கிறார், என்ன தெரியும், ஏன் படிக்க ஆசைப்படுகிறார் என்பது பற்றி ஒரு வரியும் இருக்காது. கருணைக்கு அதெல்லாம் தேவையில்லை.

இந்த இலக்கணத்தை ஒரு பெரிய கவிஞரிடமே பார்க்கலாம். 1897 ஜனவரியில், பதினான்கு வயதுப் பையனாக இருந்த சுப்பிரமணிய பாரதி, தன் படிப்புக்கு உதவி கேட்டு எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுளிலேயே விண்ணப்பம் எழுதினார். கேட்பவன் தாழ்ந்தும் கொடுப்பவர் உயர்ந்தும் நிற்கும் விண்ணப்பம் அது. இருபத்திரண்டு வருடம் கழித்து, 1919இல், அதே எட்டயபுரத்துக்குச் சீட்டுக்கவி எழுதினார். கையில் காசு அப்போதும் இல்லை. ஆனால் தமிழுக்குத் தான் என்ன செய்தோம் என்பதைச் சொல்லி, அதற்குரிய மரியாதையைக் கேட்கிற குரல் அது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது புதுச்சேரியில் கழித்த பத்து வருடம்: 1908 முதல் 1918 வரை. குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் உருவான காலம். முதல் விண்ணப்பத்தில் காட்டுவதற்குக் கையில் வேலை ஒன்றும் இல்லை, இரண்டாவதில் இருந்தது. இன்றைய படிவம் நாற்பது வயதுக்காரரிடம் எதிர்பார்ப்பது இரண்டாவது குரலைத்தான்.

நடுவில் இன்னொரு காலம் வந்து போனது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவானது. அதற்கு முந்தைய வருடமே தாகூர் கலைக் கல்லூரி தொடங்கிவிட்டது. 1968இல் பெண்களுக்குப் பாரதிதாசன் கல்லூரி. 1985இல் புதுவைப் பல்கலைக்கழகம் வரும்வரை பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. குவர்னருக்கு எழுதிய மனு போய், மதிப்பெண் பட்டியல் வந்தது. இன்று புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான ‘சென்டாக்’ நடத்தும் சேர்க்கை வரைக்கும் அதே மதிப்பெண் ஆட்சிதான்.

இதைக் குறைவாகப் பேசக்கூடாது. மதிப்பெண்ணுக்கு மாணவனின் தாத்தா யார் என்று தெரியாது. அப்பாவுக்கு யாரைத் தெரியும் என்றும் தெரியாது. சவானா மில் தொழிலாளியின் மகளும் வக்கீல் மகனும் ஒரே பட்டியலில், எண்ணின் வரிசையில் நின்றார்கள். யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அந்த விடுதலை பெரிது.

ஆனால் வயது வந்தவருக்கு அந்தப் பட்டியல் உதவவில்லை. அவருக்கு ‘கரஸ்’தான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மதுரை, அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்களின் தபால் வழிப் படிப்பில் புதுச்சேரிக்காரர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். வேலை முடிந்த பிறகு பாடக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த எழுத்தர்கள், கைக்குழந்தையோடு பி.ஏ. முடித்த பெண்கள் எத்தனையோ பேர். அந்தப் படிவத்தோடு இணைத்தது என்ன? மதிப்பெண் பட்டியலின் நகல், அதன் மேல் பச்சை மையில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து, ஒரு டி.டி., அரசு ஊழியர் என்றால் துறையின் ஆட்சேபணையின்மைச் சான்று. எல்லாம் மற்றவர்கள் தரும் அத்தாட்சி. படிக்கப் போகிறவர் சொந்தமாக எழுத வேண்டியது பெயரும் விலாசமும் மட்டுமே.

பதினெட்டு வயதில் மதிப்பெண் ஓரளவு ஆளைச் சொல்லும். நாற்பது வயதில் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய சாட்சி. அதற்குப் பிறகு அவர் பார்த்த வேலை, வளர்த்த பிள்ளைகள், கற்ற தொழில் எதுவும் அந்தத் தாளில் ஏறாது.

ஏறாததையும் பார்த்து ஒருவரை உள்ளே அழைத்த சம்பவம் இதே ஊரில் நடந்தது. எண்பதுகளின் கடைசியில் புதுவைப் பல்கலைக்கழகம் எழுத்தாளர் கி. ராஜநாராயணனை நாட்டார் வழக்காற்றியலுக்கு வருகைதரு பேராசிரியராக அழைத்தது. இடைசெவல் விவசாயி, பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். சான்றிதழ் கேட்டிருந்தால் மாணவராகக்கூடச் சேர்த்திருக்க முடியாது. அவர் சேகரித்த கதைகளும், தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியும், எழுதிய புத்தகங்களும்தான் சான்றிதழ். 2021இல் மறையும் வரை அவர் புதுச்சேரிக்காரராகவே இருந்தார். ஆனால் அது ஒரு துணைவேந்தர் காலத்து விதிவிலக்கு. கடையிலும் மில்லிலும் வேலை பார்த்து அறிந்தவர்களுக்கு அப்படி ஒரு வாசல் திறக்கவில்லை.

வெளிநாட்டில் அதை விதியாகவே ஆக்கினார்கள். பிரான்சில் பள்ளி இறுதிச் சான்று இல்லாத பெரியவர்கள் பல்கலைக்கழகம் போவதற்கென்றே 1994 முதல் தனிச் சான்றிதழ் உண்டு. 2002ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரின் வேலை அனுபவத்தையே மதிப்பிட்டுப் பட்டம் வழங்க வழி செய்தது. அங்கே ‘நான் இதைச் செய்தேன், இதனால் இதைக் கற்றேன்’ என்று பக்கம் பக்கமாக எழுதித் தர வேண்டும். பிரிட்டனில் 21 வயது நிரம்பி முதல் பட்டத்துக்கு வருகிறவர் எல்லாருமே ‘முதிர் மாணவர்’ கணக்கு. 2026 சேர்க்கையிலிருந்து ‘யூகாஸ்’ நீளக் கட்டுரையைக் கைவிட்டு மூன்று கேள்வி கேட்கிறது: இந்தப் படிப்பு ஏன்? இதுவரை படித்தது இதற்கு எப்படி உதவும்? படிப்புக்கு வெளியே செய்தது எப்படி உதவும்? பெரியவருக்கு மூன்றாவது கேள்விதான் சோறு போடும்.

இந்தியாவிலும் வயதுக் கதவு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. 2017இல் ‘நீட்’ தேர்வுக்கு 25 என்று வயது உச்சவரம்பு போட்டார்கள். வழக்குகளுக்குப் பிறகு 2022இல் அது எடுக்கப்பட்டது. ஐம்பதை நெருங்கும் அம்மாவும் மகளும் ஒரே வருடம் மருத்துவம் சேர்கிற செய்தியைத் தமிழ்நாட்டில் படிக்கிறோம். அங்கேயும் முடிவு செய்வது மதிப்பெண் மட்டும்தான்.

இப்போது ஒரு மேசைக்கு அருகே போய்ப் பார்க்கலாம். முத்தியால்பேட்டையில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பது. பன்னிரண்டு வருடமாக மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறவர். கணவருக்கு பிரெஞ்சுக் குடியுரிமை. 1962இல் தாத்தா ஆறு மாதக் கெடுவுக்குள் எழுதிக் கொடுத்த அறிவிப்பால் வந்தது. குடும்பம் ஐரோப்பா போகப் போகிறது. இவர் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறார். பிரவுசிங் சென்டரில், டைப் அடித்துத் தரும் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"உங்களப் பத்திச் சொல்லுங்கக்கா, அடிக்கிறேன்."

"என்னப் பத்தி என்ன தம்பி இருக்கு? பிளஸ் டூல எழுநூத்தி எண்பது மார்க்கு. அப்புறம் கல்யாணம் ஆயிடுச்சி."

முதல் வரைவு வருகிறது. ‘நான் ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன். சிறு வயதிலிருந்தே சேவை செய்வதில் ஆர்வம் கொண்டவள். தங்கள் மேன்மையான நிறுவனத்தில் ஒரு வாய்ப்பு அளித்தால் என்றும் நன்றி உடையவளாக இருப்பேன்.’ குவர்னர் காலத்து மனு எந்தச் சேதமும் இல்லாமல் இன்றைய கணினியில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் கீழே மதிப்பெண். இரண்டு காலமும் ஒரே பக்கத்தில், அவர் மட்டும் இல்லை.

"கடையில என்னக்கா பண்ணுவீங்க?" என்று அந்தத் தம்பி கேட்டால் கதை மாறும். மாதக் கடைசியில் சர்க்கரை நோயாளிகள் வந்து, பத்து மாத்திரை அட்டையைப் பாதியாக வெட்டிக் கேட்பார்கள். பென்ஷன் வரும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்ளலாம் என்று அவர்களாகவே கணக்குப் போட்டிருப்பார்கள். இந்தப் பெண் அதைக் கவனித்தார். மாத்திரையை விட்டு விட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்லி, அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கும் என்று அனுப்பிவைத்தார். வாராவாரம் ஒரே வலி மாத்திரை வாங்கிப்போன பெரியவரிடம், இனி டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று நின்றார். கடைக்காரர் கோபித்துக்கொண்டார்.

இரண்டாவது வரைவுக்கு இது போதும். நோயாளி மருந்தை ஏன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதற்குப் பணமும் ஒரு காரணம் என்று அவர் கவுண்டரில் கண்டிருக்கிறார். சொன்னால் கேட்பார்கள், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது தெரியாது. அதைக் கற்கவே வருகிறார். ஏழ்மை, சேவை, வாய்ப்பு, நன்றி என்ற நான்கு வார்த்தையும் இல்லாமலே விண்ணப்பம் நிற்கிறது. படிப்பை விட்ட வருடங்களை மறைக்க வேண்டிய அவசியமும் போய்விட்டது.

இதை அவரிடமிருந்து கேட்டு வாங்க ஆள் வேண்டும் என்பதுதான் சிக்கல். மனு எழுதித் தந்தவர் இன்று கன்சல்டன்சி என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறார். இப்போது ஏஐ செயலியும் சேர்ந்துவிட்டது. இரண்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலேயே அழகாக எழுதித் தரும். அழகு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும். பிரிட்டனில் 2007இல் விண்ணப்பக் கட்டுரைகளைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எட்டு வயதில் ரசாயன விளையாட்டில் தன் பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்டதாக 234 பேர் எழுதியிருந்தது தெரியவந்தது. எங்கோ கிடந்த ஒரு மாதிரிக் கட்டுரையின் வேலை. 234 பைஜாமாவும் ஒரே இடத்தில் கிழிய வாய்ப்பில்லை.

எழுதச் சொல்லும் முறையில் இன்னொரு அநியாயமும் உண்டு. பேசத் தெரிந்தவருக்கு, பணம் கொடுத்துத் திருத்திக்கொள்ள முடிந்தவருக்கு அது சாதகம். மதிப்பெண் ஆட்சி ஒழித்த சிபாரிசு, நடை என்ற வேஷத்தில் பின்வாசல் வழியாக வரலாம். அதனால் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் சேர்க்கையில் மதிப்பெண்ணைத் தூக்கிவிட்டுக் கட்டுரை கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

முப்பது தாண்டி வருகிறவரின் கணக்கு வேறு. அவருடைய பழைய மதிப்பெண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் அங்கே அநியாயம். ஊரில் லாஸ்பேட்டையில் அரசுக் கல்லூரி இருக்கிறது, காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கொஞ்சம் இடங்களைப் பெரியவர்களுக்கென ஒதுக்கி, ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். தமிழிலேயே எழுதட்டும். எழுத வராதவர் எதிரில் உட்கார்ந்து பேசட்டும். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: பள்ளியை விட்ட பிறகு என்ன செய்தீர்கள்? லண்டனுக்கும் பாரிசுக்கும் அந்தப் பதிலை எழுதி அனுப்புகிற முத்தியால்பேட்டைப் பெண்ணிடம், லாஸ்பேட்டையிலும் காலாப்பட்டிலும் அதை யாரும் கேட்டதில்லை.