பிள்ளையின் அச்சமும் பெரியவர் துணையும்

சென்ற கோடை விடுமுறையில் ஓர் இரவு. வீட்டுப் பெரியவர்கள் உறவினர் இல்ல நிச்சயதார்த்தத்திற்குப் போயிருந்தனர். அக்காள் மகன் என் பொறுப்பில் இருந்தான். அப்போது அவனுக்கு நான்கு வயது. அவன் உறங்கிவிட்டான் என்றெண்ணித் தொலைக்காட்சியில் ஒரு பேய்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றிலிருந்து தலைவிரிகோலமாய் ஒருத்தி எழுந்துவரும் காட்சி. பின்னாலிருந்து ஓர் அலறல்! கதவோரம் நின்று அவனும் பார்த்திருக்கிறான்.

நான் முதலில் சிரித்தேன். பிறகு, "ஆம்பளப் பிள்ளை இதுக்கெல்லாம் பயப்படலாமா? அது வெறும் சினிமாடா" என்றேன். அழுகையை நிறுத்திக்கொண்டான். தேற்றிவிட்டதாக நான் பெருமைப்பட்டேன். மறுநாள் முதல் பின்கட்டுக்குத் தனியே போக மறுத்தான். விளக்கை அணைத்தால் வீறிட்டான். அக்காள் எவ்வளவோ கேட்டும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் நகைப்பார்கள் என்று அவனுக்குக் கற்பித்தவன் நான்தானே! அந்த உறுத்தலே இப்பொருள் பற்றிச் சில நூல்களைத் தேடிப் படிக்க வைத்தது.

"அது வெறும் சினிமா" என்ற சொல் நான்கு வயதில் ஏன் பலிப்பதில்லை? ரீட்டா டி வ்ரீஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. மேனார்டு என்ற சாதுவான பூனையைக் குழந்தைகளிடம் காட்டினார். பிறகு அதன் தலைப்பகுதியை மட்டும் மறைத்து, நாய் முகமூடியை மாட்டினார். வாலும் பின்னுடலும் குழந்தைகளின் கண்ணெதிரிலேயே இருந்தன. ஆயினும் மூன்று வயதினர் பலர் அது நாயாகிவிட்டதென்றே நம்பினர். ஆறு வயதினர் அது பூனைதான் என்றனர். தோற்றம் வேறு, உண்மை வேறு என்னும் பகுத்தறிவு பிள்ளைக்குப் படிப்படியாகத்தான் வாய்க்கிறது. வாயில் இன்னும் பல் முளைக்காத பிள்ளையிடம் முறுக்கைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னதுபோல்தான் நான் அன்று நடந்துகொண்டேன்.

சொற்களால் தேற்றுவதிலும் ஒரு கண்ணி உண்டு. பாம்புகள் நிறைந்த ஒரு திரைப்படக் காட்சியைக் காட்டுமுன், பெரும்பாலான பாம்புகளுக்கு நஞ்சில்லை என்று சிறுவர்களுக்கு விளக்கிப் பார்த்தனர் பார்பரா வில்சன், ஜோயேன் கேன்டர் என்னும் ஆய்வாளர்கள். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இவ்விளக்கம் அச்சத்தைத் தணிக்கவில்லை, கூட்டவே முற்பட்டது. 'நஞ்சு' என்ற சொல் மனத்தில் தைத்தது. 'இல்லை' என்பது நழுவிப் போயிற்று போலும்.

சிறு பிள்ளைகளுக்கு உதவுபவை எளியவை. மடியில் இருத்திக்கொள்ளுதல், பருகத் தண்ணீர் தருதல், விருப்பமான பொம்மையையோ போர்வையையோ கையில் கொடுத்தல் ஆகியன போதும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கோ விளக்கம் பயன்படும். நம் பாட்டிமார் முதல் வகையை உளவியல் படிக்காமலே செய்துவந்தனர். (பூச்சாண்டியைக் கூப்பிட்டுச் சோறூட்டியவர்களும் அவர்களே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

நான் படித்தவற்றுள் மிகவும் பிடித்தது மார்கரெட் ஹாமில்டன் என்ற நடிகையின் கதை. 1939-இல் வெளிவந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் பச்சை முகச் சூனியக்காரியாக நடித்தவர் அவர். அப்படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் காட்டப்பட்டு, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை நடுங்க வைத்தது. நடிக்க வருமுன் அவர் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் என்பது விந்தை! 1975-இல் பிரெட் ராஜர்ஸ் தம் சிறுவர் நிகழ்ச்சிக்கு அவரை அழைத்தார். சாதாரண உடையில் வந்து அமர்ந்து உரையாடிய அவ்வம்மையார், பிறகு அந்தக் கறுப்பு உடையையும் கூர்த்தொப்பியையும் ஒவ்வொன்றாக அணிந்து காட்டினார். அடுத்த ஆண்டு, 1976 பிப்ரவரியில், 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் அதே அம்மையார் முழுச் சூனியக்காரியாகவே தோன்றினார். பிள்ளைகள் அஞ்சுவதாகப் பெற்றோர் எழுதிய கடிதங்கள் குவியவே, அப்பகுதி மறுபடி ஒளிபரப்பப்படவில்லை. நடிகை ஒருவரே, வேடமும் ஒன்றே. முன்னதில் மனிதரை அறிந்தபின் வேடத்தைக் கண்டார்கள். பின்னதில் வேடம் மட்டுமே வந்து நின்றது.

இதைப் படித்தபின் ஒரு பகல் வேளையில் அவனை மடியில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கு மாமா சிரிச்சது தப்புடா" என்றேன். வெகுநேரம் பேசாதிருந்தவன், "நம்ம கெணத்துலயும் அவ இருக்காளா மாமா?" என்று கேட்டான். எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் கிணறு உண்டு. அது எனக்குத் தோன்றவே இல்லை! "இல்லை" என்று மட்டும் சொல்லி முடிக்காமல், போய்ப் பார்ப்போமா என்றேன். முதல்நாள் படியோடு நின்றுவிட்டான். வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள் என் இடுப்பில் இருந்தபடியே கிணற்றின் இரும்பு வலை வழியே எட்டிப் பார்த்தான்; ஒரு கூழாங்கல்லையும் போட்டான். வீட்டுக்குள் வந்ததும் முகப்பவுடரை அவன் கையில் கொடுத்து என் முகத்தில் பூசச் சொன்னேன். அக்காளின் பழம்புடவையைச் சுற்றிக்கொண்டு நான் பேயாக நின்றபோது, இன்னும் கொஞ்சம் பூச வேண்டும் என்று அவனே குறை சொன்னான்.

இப்போது விளக்கணைத்தால் உறங்குகிறான். இரவில் பின்கட்டுக்குப் போகும்போது மட்டும் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்கிறான். பிடித்துக்கொள்ளட்டும்.