ஐந்து நிமிட இசை

தகவல் துளி!

1978 முதல் பிபிசி ரேடியோ 4 தினமும் இசையோடுதான் கண் விழித்தது. விடியற்காலையில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து என நான்கு மண்ணின் பழகிய மெட்டுகளைக் கோத்த மாலை. பெயர், 'யு.கே. தீம்'. தொகுத்தவர், ஆஸ்திரியாவில் பிறந்த ஃபிரிட்ஸ் ஸ்பீகல்.

2006-இல், அதை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் செய்திச் சுருக்கம் தர நிலையம் முடிவெடுத்தது. போவது என்னவோ ஐந்து நிமிடம்தான். ஆனால் நேயர்கள் கொதித்தெழுந்தார்கள். மனுவில் கையெழுத்துகள் குவிந்தன. விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. முடிவு மட்டும் மாறவில்லை.

ஏப்ரல் 23, விடியற்காலை ஐந்தரை மணி, கடைசி ஒலிபரப்பு. மறுநாள் அதே ஐந்தரை மணி. குழலும் வயலினும் இல்லை, செய்தி வாசிப்பவரின் குரல்!