தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர்

அல்வாலில் நம் அண்டை வீட்டுப் பெரியவர், மருத்துவமனையில் தந்த சீட்டுடன் சில மாலைகளில் நம்மைத் தேடி வருவதுண்டு. அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவருக்கு மருந்துச் சீட்டும் விளங்கும் என்பது அவர் நம்பிக்கை. அண்மையில் அதில் 'எடிமா' என்றிருந்தது. "வீக்கம்" என்றோம். "அது எனக்கே தெரியுமே, கால் என்னுடையதல்லவா!" என்றார். இத்தகைய வேளைகளில் நாம் நினைத்துக்கொள்பவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஊஸ்டர் நகரில் பிறந்த கிறீன், நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, 1847-இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் அமர்ந்து நோயாளரைக் கவனித்ததோடு, 1848 முதல் தமிழ் இளைஞருக்கு மருத்துவமும் கற்பித்தார். பாடம் முதலில் ஆங்கிலத்திலேயே நடந்தது. தமிழைக் கற்றுத் தேர்ந்த கிறீன், 1864-இல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியேறுவார்கள். தமிழில் கற்றவர்களே கிராமத்தில் தங்கி வைத்தியம் செய்வார்கள் என்பது அவர் கருத்து. மாணவர்களுக்கு இது உவப்பாக இருக்கவில்லை. உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு வந்த நாம் அவர்களைக் குறைகூற இயலாது.

தமிழில் கற்பிக்க நூல்கள் வேண்டுமே! அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என உடற்கூறு, உடலியக்கம், நலம்பேணல் ஆகிய மூன்றையும் கூறும் நூல் 1852-லேயே வெளிவந்திருந்தது. பின்னர் 1867-இல் 'இரண வைத்தியம்'. 1872-இல் 'வைத்தியாகரம்', 'மனுஷ அங்காதிபாதம்'. கடைசி நூல், 1858-இல் இலண்டனில் வெளியான கிறேயின் உடற்கூற்று நூல் முதலியவற்றைத் தழுவியது. பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது! சாப்மன், டான்போர்த் என மிஷன் வழக்கப்படி அமெரிக்கப் பெயர் பூண்ட தமிழ் மாணவர்கள் உடனிருந்து உழைத்தனர். 1873-இல் தாயகம் திரும்பிய பின்னும் கிறீன் இப்பணியைக் கைவிடவில்லை. 'கெமிஸ்தம்' 1875-லும், 'மனுஷ சுகரணம்' 1883-லும் அச்சேறின. மறு ஆண்டு அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் புரிந்தவர் என்று கல்லறையில் பொறிக்கும்படி வேண்டியிருந்தார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

அவருடைய சொல்லாக்க முறையை நூற்பெயர்களே காட்டும். வழக்கிலுள்ள சொல் கிடைத்தால் அதனைக் கொண்டார்; இல்லாவிடில் வடமொழியை நாடினார்; அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லுக்கே தமிழுருவம் தந்தார். வடசொற்கள் மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. 'சுகரணம்' நமக்கே அகராதியைத் தேடவைத்தது.

நாம் வாழும் ஐதராபாத்திலும் இம்முயற்சி பின்னர் நடந்ததுண்டு. 1917-இல் இங்கு ஒரு மொழிபெயர்ப்பகம் அமைத்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் உட்படப் பல துறைகளை உருதுவில் கற்பித்தனர். மொழிபெயர்ப்பதற்கென ஊதியம் பெற்ற அறிஞர் பலர் அங்கிருந்தனர். மானிப்பாயில் நோயாளரைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரமே கிறீனுக்கு வாய்த்தது.

சென்ற வாரம் பெரியவரிடம் இந்நூற்பெயர்களைப் படித்துக் காட்டினோம். 'இரண வைத்தியம்' என்றதும் தம் காலிலிருந்த பழைய தழும்பைத் தொட்டுக் காட்டினார். 'கெமிஸ்தம்' என்றபோதுதான், அது எந்த ஊர்ச் சொல் என்று கேட்டார்.