வெள்ளிக்குச் சிக்காத உப்பு

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் என்றதும் நியூட்ரினோதான் நினைவுக்கு வரும். அம்பரப்பர் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்பால் கருவி அமைக்கும் திட்டத்துக்கு 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மக்களின் எதிர்ப்பும் வழக்குகளும் அதை நிறுத்திவைத்தன. எதிலும் ஒட்டாமல் ஊடுருவிப் போகும் துகளை எப்படிப் பிடிப்பது என்பதுதான் அங்கே கேள்வி. ஒரு குடம் போர் தண்ணீரைப் பார்த்தும் அப்படிக் கேட்கலாம்: கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கும் உப்பை எப்படிப் பிடிப்பது?

பிளஸ் டூ லேபில் சால்ட் அனாலிசிஸ் செய்தவர்களுக்கு வழி தெரியும். சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர். முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம். கார்பனேட் இருந்தால் அதுவும் வெள்ளியோடு சேர்ந்து படிந்து ஏமாற்றிவிடும். அமிலம் அதைக் குமிழியாக விரட்டிவிடுகிறது. பிறகு சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு. விழுந்த இடத்தில் பால் திரிந்தாற்போல வெள்ளைத் திரள் புரண்டு இறங்கும். அது குளோரைடு. வெயிலில் வைத்தால் ஊதா கலந்து கறுக்கும்; நீர்த்த அம்மோனியா விட்டால் சுவடில்லாமல் கரைந்துபோகும். புரோமைடு இளமஞ்சளாகப் படியும், அடர் அம்மோனியாவில்தான் கரையும். அயோடைடு நல்ல மஞ்சள், எந்த அம்மோனியாவுக்கும் அசையாது. (வீட்டு அயோடின் உப்பில் அந்த மஞ்சளைத் தேட வேண்டாம், நம் நாட்டில் அதில் சேர்ப்பது அயோடேட்.)

நான்காவது, புளோரைடு. வெள்ளி புளோரைடு தண்ணீரில் தாராளமாகக் கரையும் என்பதால் வீழ்படிவே வராது. குழாய் தெளிந்தே நிற்கும். அந்தத் தெளிவை நம்பிவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான்கில் நம் மக்களை வதைத்தது இதுதான். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம்; புளோரைடு 1.5-ஐத் தாண்டவே கூடாது. தாண்டிய தண்ணீரைக் குடித்து தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல் காவியேறி, எலும்பு வளைந்தவர்கள் ஏராளம். அவர்களுக்காகவே காவிரித் தண்ணீரைக் கொண்டுசேர்க்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது.

புளோரைடைப் பிடிக்க வெள்ளியை விட்டு சிர்க்கோனியத்திடம் போக வேண்டும். சிர்க்கோனியமும் அலிசரின் சாயமும் கைகோத்தால் சிவப்பு. புளோரைடு உள்ளே வந்தால் சிர்க்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தனித்துவிடப்பட்ட சாயம் மஞ்சளாகிவிடும். இங்கே எதுவும் படிவதில்லை. சிவப்பு எவ்வளவு வெளுக்கிறதோ, தண்ணீரில் அவ்வளவு புளோரைடு.